விளிம்பில் இருக்கிறது விஷயம்

பூரிக் கடற்கரையில் சூரியனின் மேல் விளிம்பு கடலுக்கு மேலே தலைகாட்டியதிலிருந்து, கீழ் விளிம்பு கடலை விட்டுப் பிரியும்வரை ஆகும் நேரம் சுமார் இரண்டேகால் நிமிடம். டிசம்பரில் இரண்டரை நிமிடம். விசாகப்பட்டினத்திலும் மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் சில விநாடிகள்தான் முன்பின். இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இருட்டு விலகும் முன்பே கூட்டம் கூட்டமாக மக்கள் மணலில் வந்து நிற்கிறார்கள். கையில் கேமரா, இல்லாவிட்டால் செல்போன். வட்டம் மேலே ஏறியதும் வேலை முடிந்தது என்று டீக்கடையைத் தேடிப் போய்விடுகிறார்கள். எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே படத்தைப் பல பேர் எடுத்ததுபோல இருக்கும். ஆரஞ்சு வானம், நடுவே ஒரு பொட்டு, கீழே என்னவென்று தெரியாத ஒரு கறுப்புத் திட்டு.

அந்தக் கறுப்புத் திட்டைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருடைய பார்வையும் சூரியன் மேல் இருக்கிறது. ஆனால் நிழலுருவப் படத்தில் சூரியனுக்கு உள்ள வேலை, கூத்து மேடையில் விளக்குக்கு உள்ள வேலைதான். பார்க்க வேண்டியது விளக்கின் முன்னால் நிற்கும் ஆளை.

ஆங்கிலத்தில் இத்தகைய படத்துக்கு வழங்கும் பெயர், ஒரு நிதி மந்திரியைக் கேலி செய்யப் பிறந்தது. 1759-ல் சில மாதங்கள் பிரெஞ்சு அரசின் கஜானாவைக் கவனித்த எத்தியேன் த சிலுவெட், சிக்கனத்துக்குப் பேர்போனவர். மலிவான சரக்குகளுக்கெல்லாம் அவர் பெயரைச் சூட்டுவது அப்போது வழக்கமாயிற்று. ஓவியரை அமர்த்தி உருவப்படம் வரைந்துகொள்ள வசதி இல்லாதவர்கள், பக்கவாட்டு முகத்தைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அந்தப் படத்துக்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. கண் இல்லை, உதடு இல்லை, சட்டையின் நிறம் இல்லை. இருந்தும் நெற்றி, மூக்கு, முகவாய் ஆகியவற்றின் கோட்டை வைத்தே இன்னார் என்று சொல்லிவிட முடிந்தது.

இந்தியக் கண்ணுக்கு இது புதிதல்ல. ஆந்திரத்தின் தோலுபொம்மலாட்டத்திலும் தமிழ்நாட்டின் தோல்பாவைக் கூத்திலும் பாவைகளுக்கு வண்ணம் உண்டு. ஒடிசாவின் ராவணசாயாவில் அதுவும் கிடையாது. மான் தோலில் வெட்டிய பாவைகள் நிறம் தீட்டப்படாதவை. கை கால்களுக்குத் தனி மூட்டும் இல்லாமல் ஒரே துண்டாக இருப்பவை. கையை அசைத்துக் காட்ட வழியில்லாததால், பாத்திரத்தின் குணம் முழுவதும் அதன் நிலையிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். கோபமா, பணிவா, கம்பீரமா என்பதை விளிம்பு சொல்லியாக வேண்டும். விடியற்காலைக் கடற்கரையில் நிற்கும் புகைப்படக்காரருக்கு இருக்கும் பிரச்சினையும் அச்சு அசலாக இதேதான். விநாடியின் நூறில் ஒரு பங்கில் உறைந்துபோகும் மனிதருக்கும் மூட்டுக் கிடையாது.

சரியான நிலை எது என்பதற்கு இரண்டு நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1930-ல் நந்தலால் போஸ் செதுக்கிய லினோ அச்சுப் படம். தண்டிக்கு நடக்கும் காந்தியை கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகளால் காட்டியிருக்கிறார். முன்னோக்கிச் சாய்ந்த உடம்பு, ஊன்றிய தடி, அகல வைத்த அடி. முகத்தை மறைத்துவிட்டாலும் ஆள் தெரியும். இரண்டாவது பாடம் மெரினாவிலேயே நிற்கிறது. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த வங்காளச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-ல் அங்கே வைக்கப்பட்டது. பாறையை நெம்பும் நான்கு பேர். காலையில் சாலைப் பக்கமிருந்து கடலைப் பார்த்து நின்றால் வெண்கலத்தின் விவரமெல்லாம் கறுப்பில் மறைந்துவிடும். ஆனால் யார் எங்கே காலை ஊன்றியிருக்கிறார், பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பது மறைவதில்லை. உடம்புக்கும் உடம்புக்கும் நடுவே சிற்பி விட்டுவைத்த இடைவெளிகள்தான் காரணம். அந்த இடைவெளிகளில் வானம் தெரிகிறது.

கரையில் வலை இழுப்பவர்களைப் படம் எடுக்கும்போது இந்த இடைவெளிதான் முதலில் பார்க்க வேண்டியது. பத்துப் பேர் ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். நேர் பின்னாலோ நேர் முன்னாலோ நின்று எடுத்தால் பத்துப் பேரும் ஒட்டி ஒரு பெரிய வண்டாகத் தெரிவார்கள். நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் ஒவ்வொரு முதுகும் தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொருவருக்கும் கை வேறு, உடம்பு வேறு என்று வெளிச்சம் புகும். கால்கள் சேர்ந்து நிற்கும் விநாடியை விட்டுவிட்டு, அடி எடுத்து வைக்கும் விநாடிக்குக் காத்திருக்க வேண்டும். பூரியில் குளிப்பவர்களுக்குக் காவலாக நிற்கும் நுலியாக்களின் கூம்புத் தொப்பி, முகம் தெரியாவிட்டாலும் ஊரையே சொல்லிவிடும். ஆனால் தொப்பிக்காரர் கடலைப் பார்த்து நின்றால் அது கம்பத்தில் கவிழ்த்த புனல்போல இருக்கும். அவர் தலையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால்தான் மனிதராவார்.

அடுத்தது உயரம். இங்கேதான் மிகப் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் கடல் விளிம்பு எல்லா உருவங்களையும் வெட்டும். இது கணக்கு, மாற்ற முடியாது. சமதளத்தில் நின்றபடி எடுத்தால் எதிரே நிற்பவரின் கண்ணோடு கோடு போகும். கொஞ்சம் உயரமானவராக இருந்தால் கழுத்தை அறுக்கும். மண்டியிட்டால் இடுப்புக்கு வரும். மணலோடு மணலாகக் குனிந்தால் கால் பக்கம் இறங்கி, ஆள் முழுவதும் வானத்தில் நிற்பார். பூரிபோலச் சரிவான கரையில் இன்னொரு சங்கடம் உண்டு. மேட்டில் சௌகரியமாக நின்றுகொண்டு, தண்ணீர் ஓரத்தில் இருப்பவரை எடுத்தால், அவர் கேமராவை விடத் தாழ்வில் இருப்பார். தலைகூட வானத்தை எட்டாது. கறுத்த உருவம் இருண்ட கடலில் கரைந்துபோகும். தண்ணீர் ஓரத்துக்கே இறங்கிப் போய்க் குனிவதைத் தவிர இதற்கு மாற்று வழி இல்லை. வேட்டியோ கால்சட்டையோ நனையத்தான் செய்யும்.

தண்ணீர் ஓரத்துக்குப் போவதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. அலை பின்வாங்கிய சில விநாடிகளுக்கு ஈர மணல் கண்ணாடியாக மினுங்கும். வானத்தின் நிறத்தையும் மனிதரின் உருவத்தையும் தலைகீழாகத் திருப்பித் தரும். காலடியில் தொடங்கும் இந்த இரண்டாவது உருவத்துக்கும் படத்தில் இடம் விட வேண்டும். அதைப் பாதியில் வெட்டுவது, பாட்டைச் சரணத்தோடு நிறுத்துவது போல.

வெளிச்சத்தை அளப்பது நினைப்பதைவிட எளிது. கேமராவின் மீட்டருக்கு உலகமெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம்தான். எதை நோக்கித் திருப்பினாலும் அதை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஆளை அளந்தால் ஆளை வெளுக்க வைத்து வானத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். சூரியனையே அளந்தால் வானம் முழுவதும் இருண்டுபோகும். சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை அளந்து, அந்த எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொண்டு, பிறகு படத்தை அமைப்பதே ஃபிலிம் காலத்திலிருந்து வரும் பழைய முறை. அது இன்றும் செல்லும். ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் தவறினாலும் படம் போய்விடும் என்பதால் அன்றைய புகைப்படக்காரர்கள் ஒரே காட்சியை மூன்று அளவுகளில் எடுத்து வைத்தார்கள். டிஜிட்டலில் அந்தப் பயம் குறைவு. ஆனால் வெளுத்துப்போன வானத்தை எந்தக் கணிப்பொறியாலும் மீட்க முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

செல்போன் வைத்திருப்பவர்களின் பிரச்சினை வேறு. இன்றைய போன்கள் ஒரு முறை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருட்டான பகுதியைத் தாமாகவே வெளுக்க வைக்கின்றன. திருமண வீட்டில் இது உபகாரம். கடற்கரையில் உபத்திரவம். மீனவரின் சட்டைப் பொத்தான் வரை மங்கலாகத் தெரியும், ஆனால் அது நிழலுருவமாகவும் இருக்காது, நல்ல உருவப்படமாகவும் இருக்காது. ஹெச்டிஆர் வசதியை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிட வேண்டும். திரையில் பிரகாசமான வானத்தின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் பெரும்பாலான போன்களில் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் கறுப்பு கறுப்பாகும்.

சூரியன் பெரிதாக வரவில்லையே என்பது அடுத்த புகார். கண்ணுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும், வானத்தில் அது அடைப்பது அரை டிகிரிதான். 50 மி.மீ. லென்ஸில் ஃபிலிமின் மேல் அரை மில்லிமீட்டர் புள்ளி. 200 மி.மீ.யில் இரண்டு மில்லிமீட்டர். சூரிய வட்டத்துக்குள் ஒரு மனிதர் தலை முதல் கால் வரை அடங்க வேண்டுமானால், அவர் கேமராவிலிருந்து சுமார் 180 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒன்பது மீட்டர் நீளப் படகு அடங்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். எந்த லென்ஸும் இந்தக் கணக்கை மாற்றாது. லென்ஸ் செய்வது, அந்தத் தூரத்துக் காட்சியைப் பெரிதாக்கித் தருவது மட்டுமே. எனவே பெரிய சூரியன் வேண்டுபவர் பின்னால் நடக்க வேண்டும். அப்படி நீள லென்ஸோடு எடுக்கும்போது, ஒளியை நேரடியாகக் கண்ணுக்குக் காட்டும் பழைய மாதிரி வியூஃபைண்டரில் சூரியனைப் பார்ப்பது பேராபத்து. லென்ஸ் குவிக்கும் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும், சுடும்போது வலியும் தெரியாது. திரையைப் பார்த்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே நிற்பது என்பதைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கும். சூரியன் நேர் கிழக்கில் எழுவது மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான். ஜூன் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவே பூரியில் அது எழும் இடம் சுமார் 50 டிகிரி நகர்கிறது. கை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 20 டிகிரி. அதைப்போல இரண்டரை மடங்கு. பூரியின் கரை தென்கிழக்கு முகமாக அமைந்திருப்பதால் குளிர்காலத்தில் சூரியன் தெளிவாகக் கடலிலிருந்து எழும். ஜூனில் கரையை ஒட்டிய பக்கமாக ஒதுங்கிவிடும். நேரமும் அப்படியே: ஜூனில் 5.10 சுமாருக்கு விடிந்துவிடும், ஜனவரியில் 6.25 ஆகும். போன வருடம் வைகாசியில் எடுத்த படத்தை இந்த வருடம் தை மாதத்தில் அதே இடத்தில் நின்று எடுக்க முயல்வது வீண்.

உண்மையில் சூரியன் எழும் இரண்டு நிமிடத்தைவிட, அதற்கு முந்தைய 20 நிமிடமே ஓவியருக்கு உகந்தது. வானம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சமாகிறது. கருநீலம் நீலமாகி, ஊதாவாகி, அடிவானத்தில் மட்டும் செம்மை கசிகிறது. கூசும் ஒளி இல்லாததால் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். சூரியன் வந்தபிறகு அதன் பக்கத்து விளிம்புகளை ஒளி தின்றுவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1872-ல் பிரான்ஸின் லெ ஹாவர் துறைமுகத்தில் குளோட் மோனே தீட்டிய சூரியோதயம் உலகப் புகழ்பெற்றது. 1874-ல் பாரிஸில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது எழுந்த கிண்டலிலிருந்துதான் ஓர் ஓவிய இயக்கத்துக்கே பெயர் கிடைத்தது. அந்த ஓவியத்தில் ஆரஞ்சுச் சூரியன் தகதகவென்று துடிப்பதுபோல இருக்கும். ஆனால் ஹார்வர்டின் நரம்பியல் விஞ்ஞானி மார்கரெட் லிவிங்ஸ்டன் சுட்டிக்காட்டியபடி, அதைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போகிறது. சுற்றியுள்ள மேகத்தின் பிரகாசமும் அதன் பிரகாசமும் ஒன்றே. நிறம்தான் வேறு. மறையாமல் நிற்பது முன்னால் இருக்கும் கறுத்த சிறு படகும் அதில் உள்ள ஆட்களும். புகைப்படக்காரருக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் பார்க்க ஏதாவது மிச்சமிருந்தால் படம் தேறும். வெறும் வானவேடிக்கையாக இருந்தால், ஆரஞ்சு நிறம் போனதும் எல்லாம் போய்விடும்.

இதெல்லாம் கைத்திறன். கலைஞரின் கண் என்பதில் இன்னொன்றும் சேர்த்தி: எதை எடுக்கக் கூடாது என்று தெரிவது. நிழலுருவத்தில் முகம் தெரியாதே, அனுமதி எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவரவர் தெருவில் எல்லோரையும் நடையை வைத்தே நூறடி தூரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கொனார்க் அருகே சந்திரபாகாவில் மாக சப்தமி அன்று விடியலில் நீராட வரும் பெண்களை எதிர் வெளிச்சத்தில் எடுத்தால், முகம்தான் மறையும். ஈரப் புடவை காட்டிக் கொடுப்பது மறையாது. கழிப்பறை இல்லாத குப்பங்களில் இருட்டு பிரியும் நேரம் கடற்கரைக்கு வேறு உபயோகமும் உண்டு. அங்கே நீள லென்ஸைத் திருப்புவது கலையாகாது. முகம் தெரியவில்லை என்ற சமாதானம், எடுப்பவருக்குத்தான் ஆறுதல், எடுக்கப்படுபவருக்கு அல்ல.

பூரியின் பெந்தகட்டா மீனவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசுபவர்கள். படகை அலைக்குள் தள்ளும் நேரம் அவர்களுக்கு நாளின் மிக அபாயமான நேரம். அலை குறுக்கே அடித்தால் படகு புரளும். அப்போது வழியில் நிற்பதும், வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை தள்ளுங்கள் என்று கேட்பதும் அறியாமை. முதல் நாள் மாலையே போய், வலை உலர்த்துபவரிடம் இரண்டு வார்த்தை பேசி, காலையில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் படகு இறங்கும் என்று கேட்டுக்கொண்டால் மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, நல்ல இடமும் கிடைத்தது. எடுத்த படத்தை அவர் போனுக்கு அனுப்பிவைத்தால் அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

அப்படி எடுத்த படங்களுக்கு அழகுக்கு மேலும் ஒரு மதிப்பு இருக்கிறது. வங்கக் கடலில் வந்த ஐரோப்பிய மாலுமிகள் கொனார்க்கைக் கறுப்புப் பகோடா என்றும், பூரி ஜகந்நாதர் கோயிலை வெள்ளைப் பகோடா என்றும் அழைத்தார்கள். கரையில் தெரியும் கோபுர விளிம்பே அவர்களுக்கு வழிகாட்டி. 13ஆம் நூற்றாண்டில் நரசிம்மதேவன் எழுப்பிய அந்தச் சூரியக் கோயிலின் பெரிய விமானம் சிதைந்து, மிஞ்சியிருந்த பகுதியும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விழுந்துவிட்டது. இன்று விடியலில் தெரியும் விளிம்பு, மாலுமிகள் பார்த்த விளிம்பல்ல. கரையின் கோடு அப்போதும் மாறியது, இப்போதும் மாறிக்கொண்டிருக்கிறது. 2019 மே 3 அன்று பூரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபானி புயல், கொனார்க் சாலையோரச் சவுக்குத் தோப்புகளைச் சாய்த்தது. அதற்கு முன் எடுத்த படங்களில் அடிவானத்தில் இருக்கும் முடிக்கற்றை போன்ற மரவரிசை, பின்னால் எடுத்தவற்றில் பல இடங்களில் இல்லை. தமிழகக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. மரங்களைக் கட்டிச் செய்த கட்டுமரத்தின் தட்டையான கோடு அபூர்வமாகிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த கலம் அது.

நிறமும் முகமும் இல்லாத படத்தில் மிஞ்சுவது வடிவம் ஒன்றுதான். இந்த வருடம் இந்தக் கரையில் படகு இப்படி இருந்தது, மரம் இங்கே நின்றது, ஆள் இப்படிக் குனிந்து இழுத்தார் என்பதற்கு அது சாட்சி. அதனால் படத்தின் பின்னால், அல்லது கோப்பின் பெயரில், இடத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதிவைக்க வேண்டும். அழகான சூரியோதயம் நாளைக்கும் வரும். அதன் முன்னால் நிற்கும் கோடு வருமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.